அமெரிக்காவின் விநோத மூலைகள்

அமெரிக்கா என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? நியூயார்க் நகரத்து வானளாவிய கட்டடங்கள், நயாகரா நீர்வீழ்ச்சி, ஹாலிவுட் இவைதானே? அவற்றைப் பார்த்துவிட்டு வந்த உறவினர்கள் படம் காட்டிக் காட்டி உங்களை ஏற்கெனவே களைக்க வைத்திருப்பார்கள். ஆகையால் அந்தப் பக்கமே நாம் போக வேண்டாம். சுற்றுலாக்காரர்கள் அதிகமாக எட்டிப் பார்க்காத சில மூலைகளுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், பெட்டி கட்ட வேண்டாம். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு வாருங்கள்!

ஆவிகளின் ஊர்

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது லில்லி டேல் என்ற சிற்றூர். மர வீடுகளும் மரங்களின் நிழலும் பார்க்க ரம்மியமாக இருக்கும். வாசல்களில் தொங்கும் பலகையைப் படித்தால்தான் தூக்கிவாரிப் போடும்! 'டாக்டர்', 'வக்கீல்' என்று நம் ஊரில் மாட்டுவார்களே, அதுபோல இங்கே 'மீடியம்' என்று மாட்டியிருக்கிறார்கள். அதாவது, இறந்துபோனவர்களோடு பேசி, அவர்கள் சொல்லும் சேதியை நமக்குச் சொல்கிறவர். 1879-ல் இந்த ஊரை ஏற்படுத்தியதே ஆவிகளில் நம்பிக்கை உள்ளவர்கள்தான். நினைத்தவர்களெல்லாம் பலகை மாட்டிவிட முடியாது. ஊர்ச் சங்கத்தார் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும்!

இந்த நம்பிக்கை பிறந்த கதையைக் கேளுங்கள். அதே மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்று ஒரு கிராமம். 1848-ல் அங்கே ஒரு வீட்டில், மார்கரெட், கேட் என்ற இரு சிறுமிகள் ஏதாவது கேட்டால், கண்ணுக்குத் தெரியாத யாரோ 'டொக், டொக்' என்று தட்டிப் பதில் சொன்னார்களாம். சகோதரிகளின் புகழ் நாடெங்கும் பரவியது. நாற்பது வருஷம் கழித்து, 1888-ல், மார்கரெட் நியூயார்க்கில் மேடை ஏறினாள். அந்தச் சத்தமெல்லாம் கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டாள், சொடுக்கியும் காட்டினாள்! மறு வருஷமே அந்த வாக்குமூலத்தை வாபஸ் வாங்கிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

அந்தச் சிறுமிகள் இருந்த வீட்டை 1916-ல் லில்லி டேலுக்குக் கொண்டுவந்து நிறுத்திப் போற்றினார்கள். 1955-ல் அது தீப்பிடித்து எரிந்துவிட்டது. எத்தனையோ சேதி சொன்ன ஆவிகள், இதை மட்டும் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டன!

சிரிப்பு வருகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். 1862-ல் ஜனாதிபதி லிங்கனின் மகன் வில்லி, பதினொரு வயதுப் பாலகன், வெள்ளை மாளிகையிலேயே ஜுரத்தில் இறந்துபோனான். அவன் தாய் மேரி, மீடியங்களை அந்த மாளிகைக்கே வரவழைத்து, மகனின் ஒரு வார்த்தைக்காக இருட்டறையில் காத்திருந்தாள். அப்போது நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியாமல் எத்தனை தாய்மார்கள் தவித்திருப்பார்கள்! மீடியத்தின் வாசற்படி ஏறியவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள். அவர்களைப் பார்த்து நம்மால் சிரிக்க முடியுமா?

கிரீடம் தரித்த அம்மையார்

இனி மேற்குக் கரைக்குப் போவோம். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால் கலிபோர்னியாவில் சான் டியேகோ மாவட்டம். அங்கே எல் கஹோன் என்ற ஊரில் 'யுனேரியஸ்' என்று ஒரு கலாசாலை. 1954-ல் எர்னஸ்ட் நார்மனும் அவர் மனைவி ரூத் நார்மனும் தொடங்கியது. பாடம் என்ன தெரியுமா? பூர்வ ஜன்மமும் வெளிக் கிரகவாசிகளும்!

1971-ல் கணவர் காலமானதும் ரூத் அம்மையார் பொறுப்பேற்றார். அவருடைய அலங்காரத்தை வர்ணிக்க நம் கல்யாண வீட்டுப் பாட்டிகளால்தான் முடியும். தலையில் கிரீடம், மினுமினுக்கும் நீண்ட அங்கி, கையில் செங்கோல்! அவருடைய காடிலாக் காரின் கூரைமேல் ஒரு பறக்கும் தட்டு. 2001-ல் 33 விண்கலங்கள் பூமிக்கு வரும் என்று அவர் அறிவித்தார். அவை இறங்குவதற்கென்று 67 ஏக்கர் நிலமும் வாங்கிப் போட்டார். 1993-ல் அம்மையார் காலமானார். 2001-ம் வந்தது; விண்கலம் ஒன்றுகூட வரவில்லை. சீடர்கள் கலைந்து போனார்களா? அதுதான் இல்லை. மனித குலம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டு, வகுப்பைத் தொடர்ந்து நடத்தினார்கள். வேலைக்குப் போனார்கள், வகுப்புக்கு வந்தார்கள், தாங்களே உடை தைத்து நாடகமும் சினிமாவும் நடித்தார்கள், பிறகு அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கு என்ன நஷ்டம்?

சிரிப்பு நின்ற இடம்

அதே சான் டியேகோ மாவட்டத்தில், ராஞ்சோ சாண்டா ஃபே என்ற ஊரில், 'சொர்க்க வாசல்' என்ற பெயரில் இன்னொரு கூட்டம் வாடகை மாளிகையில் குடியிருந்தது. இவர்களுக்கும் விண்கலம்தான் நம்பிக்கை. ஆனால் இங்கே சேர்ந்தவர்கள் வீட்டைத் துறந்தார்கள், பெயரை மாற்றிக்கொண்டார்கள், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். பெற்ற குழந்தைகளை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. மார்ஷல் ஆப்பிள்வைட் என்ற தலைவர் சொன்னதே வேதம்.

1997-ல் ஹேல்-பாப் வால்நட்சத்திரம் வானில் தெரிந்தது. அதன் பின்னால் தங்களை அழைத்துப் போகக் கலம் வருகிறது என்று நம்பினார்கள். அதைப் பார்க்க விலையுயர்ந்த தொலைநோக்கி வாங்கினார்களாம். கலம் தெரியவில்லை என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்! கருவியைத்தான் சந்தேகித்தார்கள், தலைவரைச் சந்தேகிக்கவில்லை. அந்த மார்ச் மாதம் 21 பெண்கள், 18 ஆண்கள், ஆக 39 பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். ஆப்பிள்வைட்டும் அவர்களில் ஒருவர்.

ஒரே மாவட்டம், ஒரே மாதிரிக் கனவு. ஒரு கூட்டம் நாடகம் போட்டு, கிழவர்களாகி, பென்ஷன் வாங்கும் வயது வரை இருந்தது. மற்றொன்று அழிந்தது. வித்தியாசம் கனவில் இல்லை. ஒன்றில் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போகலாம்; மற்றொன்றில் வீடு என்ற பேச்சே கூடாது.

உங்களுக்குத் தெரிந்த பெண்ணோ பிள்ளையோ ஏதாவது ஒரு புதுச் சங்கத்தைப் பற்றிப் பிரமாதமாகச் சொல்ல ஆரம்பித்தால், அங்கே தலையில் கிரீடம் வைக்கிறார்களா, வானத்தில் தட்டு பறக்கிறதா என்றெல்லாம் கவலைப்படாதீர்கள். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாமா?" என்று மட்டும் கேளுங்கள். தயங்காமல் 'வரலாம்' என்று பதில் வந்தால், நீங்களும் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு எடுத்து வைக்கலாம்.