107 கேஸ்: கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

வரப்புத் தகராறோ, கோயில் திருவிழாவோ, ரெண்டு தரப்பு முறைச்சுக்கிட்டு நின்னா ஸ்டேஷன்ல சொல்ற வார்த்தை: "ரெண்டு பேர் மேலயும் 107 போடு." 2024 ஜூலை 1-லிருந்து அது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 126-வது பிரிவு. நம்பர்தான் மாறியிருக்கு.

இது தண்டனை இல்லை. இனிமே சண்டை நடக்காம தடுக்கிற ஏற்பாடு. போலீஸ் தகவல் கொடுக்கும். முடிவெடுக்கிறது நிர்வாக நடுவர். நம்ம ஊர்ல பெரும்பாலும் ஆர்.டி.ஓ. அல்லது தாசில்தார். 'அமைதியைக் கெடுக்க மாட்டேன், மீறினா இவ்வளவு பணம் கட்டுறேன்'னு அதிகபட்சம் ஒரு வருஷத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கலாம். குறிப்பிட்ட சில குற்றங்கள்ல தண்டிக்கிற கோர்ட், 125-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் வாங்கலாம்.

ஆனா கூப்பிட்டதும் கையெழுத்து வாங்கிட முடியாது. முதல்ல எழுத்துப்பூர்வமான உத்தரவு வேணும். என்ன தகவல் வந்தது, பத்திரத் தொகை எவ்வளவு, எத்தனை காலம், எத்தனை ஜாமீன்தார், எல்லாம் அதுல இருக்கணும். அப்புறம் விசாரணை. நீங்க வக்கீல் வைக்கலாம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பத்திரம் தேவைன்னு நிரூபணம் ஆகலைன்னா விட்டுடணும். தொகையும் சக்திக்கு மீறி இருக்கக் கூடாது. விசாரணை ஆறு மாசத்துல முடியணும். சிறப்புக் காரணம் எழுதி நீட்டிச்சாதான் தொடரும்.

அவசரம்னா இடைக்காலப் பத்திரம் கேட்கலாம். அதுக்கும் விசாரணை தொடங்கியிருக்கணும்னு 1970-லயே மது லிமாயே வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

சரி, பத்திரத்தை மீறினா? மீதிக் காலம் முழுக்க ஜெயில்ல இருக்க வேண்டி வரலாம். பலருக்கு இது தெரியாது. 'சும்மா ஒரு பேப்பர்'னு நினைச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறாங்க. அந்த ஜெயில் உத்தரவை யார் போடலாம்ங்கறதுதான் பெரிய கேள்வி. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நிர்வாக நடுவரே சிறைக்கு அனுப்ப முடியாது, நீதித்துறை நடுவர்கிட்ட போகணும்னு தீர்ப்பு சொன்னது. போலீஸ் துணை கமிஷனர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணைகளையும் ரத்து செஞ்சது. புகார் கொடுக்கிற துறையே தீர்ப்பும் சொல்லக் கூடாதுங்கறதுதான் அதோட அடிப்படை.

அதனால சம்மன் வந்தா பயந்து ஓடாதீங்க, அலட்சியமாவும் இருக்காதீங்க. உத்தரவு நகலை வாங்கிப் படிங்க. வக்கீல் இல்லைன்னா உங்க தாலுகா இலவச சட்ட உதவி மையத்துல கேளுங்க. அதுக்கு அப்புறம் பேனாவை எடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.