நாயுடுபேட்டையில் ஏறியவர்கள், இறங்கியவர்கள்

சங்கத்துப் பொங்கல் விழாவில் புதிதாக அறிமுகமாகும் அன்பர்கள் முதலில் கேட்பது, "சாருக்கு எந்த ஊர்?" என்பதுதான். "நாயுடுபேட்டை" என்பேன். ஒரு கணம் தயங்கிவிட்டு, "அது ஆந்திராவாச்சே, தமிழ் எப்படி?" என்பார்கள். பல ஆண்டுகளாக இதற்குச் சிரித்தே சமாளித்து வந்தேன். சென்ற ஆண்டு ஊருக்குப் போய் வந்தபின், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சென்னையிலிருந்து வடக்கே ரயிலில் சுமார் 110 கிலோமீட்டர் போனால், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கல்கத்தா நெடுஞ்சாலையை விட்டுக் காளஹஸ்திக்கும் திருப்பதிக்கும் சாலை பிரியும் இடம். நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. என் அப்பா பொன்னேரிப் பக்கத்துக்காரர். 1960-களில் இங்கே ஓர் அரிசி ஆலைக்கு பிட்டர் வேலைக்கு வந்தார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. என் தமிழின் கதை இவ்வளவுதான். அப்பா வேலை தேடி வடக்கே வந்தார், நான் வேலை தேடி மேற்கே வந்தேன்.

ஊரில் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் போய்விட்ட தொழில்களைப் பற்றித்தான் பேசுவார்கள். பக்கத்துக் கூடூர் வட்டாரத்தில் அப்பிரகச் சுரங்கங்கள். மின்சாதனங்களுக்கு அப்பிரகம் தேவைப்பட்ட காலத்தில், அதிலும் இரண்டாம் உலகப் போரின்போது, அந்தச் சுரங்கங்களில் கூட்டம் நெரிந்ததாம். செயற்கை மாற்றுப் பொருள்கள் வந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தெற்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகு படகாகச் சென்னைக்கு விறகு போகும். சென்னையின் அடுப்புகள் மாறின, படகுகளும் நின்றன. அதே தீவை 1969-ல் ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் கிளம்பியது. விறகு வெட்டின மண்ணிலிருந்து ராக்கெட் என்று பெருமையாகத்தான் சொல்வோம். அங்கிருந்து குடி பெயர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டதில்லை.

எனக்கு விவரம் தெரிந்தது என் சித்தியின் வாழ்க்கையிலிருந்துதான். சித்தப்பா இறந்தபின் கைக்குழந்தையோடு எங்கள் ஊருக்கு வந்தவள், அப்பா வேலை பார்த்த ஆலையின் களத்தில் சேர்ந்தாள். புழுக்கிய நெல்லைக் களத்தில் பரப்பி, வெயிலில் காலால் துழாவிக் காயவைக்கும் வேலை. மழை மேகம் கண்டால் இருபது பெண்கள் ஓடி வந்து குவிப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆலைக்கு டிரையர் இயந்திரம் வந்தது. களத்தில் வேலை இல்லாமல் போயிற்று.

நல்ல வேளையாக, அப்போதுதான் நெல்லூர்க் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்தன. நெல் வயலையே குளமாக வெட்டினார்கள். சித்தி இறால் தலை கிள்ளும் ஷெட்டுக்குப் போனாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. ஆனால் களத்துக் கூலியைவிட அதிகம். 1994-ல் வெள்ளைப் புள்ளி நோய் வந்து குளங்களைக் காலி செய்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் இருக்கும் பண்ணைகளை அகற்றச் சொன்னது. வேலை இழக்கும் தொழிலாளருக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. பிறகு மறுசீராய்வு மனு, 2005-ல் புதிய சட்டம் என்று விஷயம் வேறு பாதையில் போயிற்று. 2009-ல் வன்னாமெய் இறாலுக்கு அனுமதி கிடைத்ததும் தொழில் திரும்ப எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் சித்தி வீட்டு வேலை செய்தாள், இட்லி விற்றாள், தன் தாலிக்கொடியை அடகு வைத்தாள். புள்ளிவிவர வரைபடத்தில் அந்த வருடங்கள் ஒரு சிறு பள்ளமாகத் தெரியலாம். அந்தக் கொடி மீளவே இல்லை.

மகள் படித்தாள். பிளஸ் டூ முடித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனாள். 2006-ல் அங்கே நோக்கியா தொழிற்சாலை தொடங்கியபின் அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் பல முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றில் இவள் காண்ட்ராக்ட் தொழிலாளி. ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். நோக்கியாவில் மட்டும் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். வரித் தகராறில் ஆலை முடங்கியது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. சுற்றியிருந்தவையும் ஆடின. இவள் பெட்டியோடு நாயுடுபேட்டையில் வந்து இறங்கினாள்.

ஆனால் வேலை இப்போது எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. தடாவை அடுத்த ஸ்ரீசிட்டி 2008-ல் தொடங்கியிருந்தது. 2015-ல் அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி கைபேசிகள் தயாராகத் தொடங்கின. மாம்பட்டில் ஷூ தொழிற்சாலை. எங்கள் ஊரை ஒட்டிய மேனகூரிலேயே சிறப்புப் பொருளாதார மண்டலம், அதில் துணி ஆலையும் மருந்து ஆலையும். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்று பெண்களை ஏற்றிக்கொள்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் மூடிய அந்தக் கட்டடத்தையும் 2019-ல் சால்காம்ப் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டு, பிறகு சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. ஆக, வேலை திரும்பி வரத்தான் செய்கிறது.

என் தங்கைக்கும் வந்தது, எட்டு மாதம் கழித்து. "வேலை போனதுகூடப் பெருசில்லேண்ணா, அந்த எட்டு மாசம்தான்" என்றாள். வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க இரண்டு வருடம் ஆயிற்றாம். பழைய கம்பெனியில் பிடித்த பி.எஃப். பணம் இன்னும் கைக்கு வரவில்லை. அங்கே பதிவான பெயரில் ஓர் எழுத்து வேறு, ஆதாரில் ஓர் எழுத்து வேறு.

அப்பா வேலை பார்த்த ஆலைக்கும் போனேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒடிசா இளைஞர்கள். ஊர்ப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிவிட்டதால் அந்த வேலைக்கு ஆள் இல்லையாம். ஒரு பையன் என்னோடு தெலுங்கு கலந்த இந்தியில் பேசினான். ஊரில் அம்மா, இரண்டு தங்கைகள். ரேஷன் கார்டை எங்கும் பயன்படுத்தலாம் என்ற திட்டம் 2019-ல் தொடங்கி 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. இவனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவன் வயதில் என் அப்பாவும் அதே வாசலில் நின்றிருப்பார்.

செயிண்ட் லூசியாத் தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ், உழவில் மிகுந்திருக்கும் கைகளை ஆலைகள் மெல்ல இழுத்துக்கொள்வதே வளர்ச்சியின் வழி என்று 1954-ல் எழுதினார். 1979-ல் நோபல் பரிசு பெற்றார். அவர் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. சித்தி நெல்லிலிருந்து இறாலுக்குப் போனாள், மகள் கைபேசிக்குப் போனாள். ஆனால் ஒரு வேலை போய் இன்னொன்று வரும்வரை அடுப்பு எரிய வேண்டுமே, அதை யார் பார்த்துக்கொள்வது? எங்கள் குடும்பத்தில் அதைப் பார்த்துக்கொண்டது ஒரு தாலிக்கொடியும் ஒரு வட்டிக்கடையும்தான்.

எனக்கு மட்டும் வேறு விதமாக அமைந்தது. 1998-ல் ஒய்-டூ-கே வேலைக்காக நியூ ஜெர்சி வந்தேன். 2001 சரிவில் வேலை போயிற்று, விசாவும் ஊசலாடியது. நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் வீட்டு பேஸ்மென்ட்டில் நான்கு மாதம் தங்க வைத்தார். இன்னொருவர் என் விண்ணப்பத்தைத் திருத்தி நாலு இடத்துக்கு அனுப்பினார். ஒரு பைசா வாங்கவில்லை. நான் கெட்டிக்காரன் என்பதால் தப்பினேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கையும் கெட்டிக்காரிதான். அவளுக்கு அந்த பேஸ்மென்ட் கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஆலை வேலைக்குப் போகும் உறவுப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பி.எஃப். எண் இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கம்பெனி நடக்கும்போதே திருத்துவது சுலபம், மூடியபின் கேட்க வாசலில் ஆள் இருக்காது. என் தங்கையின் விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து அனுப்பி மூன்று மாதம் ஆகிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.