நாயும் பூனையும் "தானா பழகிடும்" என்று விட்டுவிடாதீர்கள்

"நாய் சும்மா கவ்வுச்சு டாக்டர், ரத்தம்கூட வரலை." கடிபட்ட மூன்றாம் நாள் பூனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். முடியை விலக்கினால் இரண்டே இரண்டு பல்தடம். அதன்மேல் காய்ந்துபோன மஞ்சள். அழுத்தினால் உள்ளே சீழ் கோத்திருப்பது கைக்குத் தெரியும். நாய் கவ்வி உதறும்போது காயம் வெளியே கொஞ்சம், உள்ளேதான் அதிகம். விலா எலும்பு முறிந்திருக்கலாம். நுரையீரலோ குடலோ கிழிந்திருக்கலாம். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கைவைத்தியம் வேண்டாம்

வலிக்கென்று கொடுக்கும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறித்து வெளியேற்றும் போதிய திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. அரை மாத்திரையே உயிரைப் பறித்துவிடலாம். ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். "குழந்தைக்குக் கொடுக்கிற சிரப்தானே" என்கிறார்கள். அதிலும் அதே மருந்துதானே இருக்கிறது!

நாயின் கண்ணில் பூனையின் நகம் பட்டதும், வீட்டில் மீந்துபோன சொட்டு மருந்தை விடுகிறார்கள். அது ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் கருவிழியில் ஓட்டையே விழுந்துவிடலாம். நாய்க்கு விடும் உண்ணி மருந்திலும் கவனம் தேவை. பெர்மெத்ரின் கலந்த மருந்து காயும் முன்பே பூனை நாயை உரசிப் படுத்தாலோ நக்கினாலோ பூனைக்கு வலிப்பு வரலாம்.

தவறான நம்பிக்கைகள்

"எதிரெதிரே விட்டா நாலு அறை வாங்கி அடங்கிடும்." அடங்காது. முதல் நாள் பயம் மாதக்கணக்கில் போகாது.

"பூனையைத் துரத்தினா நாயை அடிச்சாப் போதும்." பூனை வந்தால் அடி விழும் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும், வெறுப்புதான் வளரும்.

"ஒரே சாப்பாடு போட்டா ஒத்துமையா இருக்கும்." நாய் உணவில் பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து போதாது. அதையே தொடர்ந்து தின்றால் இதயம் கெடும், பார்வையும் போகும்.

எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்குத்தான்: நாய்க்குப் பயந்து ஒடுங்கிக் கிடக்கும் ஆண் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கும். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். பல நேரம் அது சிறுநீர் அடைப்பு. ஒரு நாள் தள்ளிப்போட்டாலே உயிருக்கு ஆபத்து.

தயவுசெய்து பொறுமை

புதிதாக வந்ததைத் தனி அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் அருகே போடுங்கள். மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். இரண்டும் பதற்றமில்லாமல் சாப்பிட்ட பிறகே நேரில் காட்டுங்கள், அதுவும் நாயைச் சங்கிலியில் பிடித்தபடி. பூனை ஏறி உட்கார அலமாரியோ பரணோ இருக்கட்டும். மணல் தட்டு நாய்க்கு எட்டக் கூடாது. சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை ஆளில்லாத வீட்டில் இரண்டையும் சேர்த்து விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டுக்கும் மூன்று மாத வயதில் ரேபிஸ் தடுப்பூசி போடுங்கள், அடுத்தடுத்த தவணைகளையும் விடாதீர்கள். சண்டையை விலக்கப்போய் உங்கள் கையில் பல்லோ நகமோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.