ரத்தப் பையில் சாதி இல்லை

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் தாயின் உயிர் சில மணி நேரத்தில் போய்விடும். அப்போது ஏற்றுகிற ரத்தம் ஊரிலிருந்து வந்ததா, சேரியிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ல் கண்டறிந்த ரத்த வகை பொருந்துகிறதா என்பதே கேள்வி.

ஆனால், ரத்தத்திலும் தீண்டாமை பார்த்தவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் கறுப்பினத்தவரின் ரத்தத்தைத் தனியே பிரித்து வைத்தது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று எதிர்த்தார், ரத்த வங்கியின் முன்னோடியான கறுப்பின மருத்துவர் சார்லஸ் டுரூ. 1950-ல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

ரத்தத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க முடியாது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்கலாம். அதனால் ரத்தம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். வயது 18 முதல் 65-க்குள், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை. பரிசோதனையில் ரத்தசோகை தெரிந்தால் முதலில் அதற்கு மருந்து சாப்பிடுங்கள்.

அரசு மருத்துவமனையை நம்பியிருப்பவர்கள் நம் மக்கள்தான். மாணவர்களே, இந்த ஏப்ரல் 14 அன்று அண்ணல் சிலைக்கு மாலை போட்ட கையோடு, அரசு ரத்த வங்கியை அழைத்து நம் தெருவிலேயே ஒரு முகாம் நடத்துங்கள்.