காய்ச்சல் குற்றமல்ல, மௌனமே ஆபத்து

மாவடிப்பள்ளியில் ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். வீட்டுக்காரர் உள்ளே சென்று ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். காணிப் பெர்மிட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இடம்பெயர்ந்த காலத்து நிவாரண அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. அடியிலிருந்து ஒரு கடிதத்தை உருவி எம்மிடம் நீட்டினார்.

"பாதர், இங்கிலீஷில வந்த கடிதம். வந்து ரெண்டு மாசமாகுது. என்ன எழுதியிருக்கெண்டு பாருங்க."

வயலை இழந்தபின் அவர் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கி வந்தவர். வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் வாட்டில் கிடந்தார். மேலும் இரண்டு கிழமை ஓய்வு வேண்டுமென்றார் வைத்தியர். சுகமாகித் திரும்பிப் போனபோது, "உமக்கு இங்கே வேலையில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்களாம். கடிதம் சொன்னது இதுதான்: 'அறிவிக்காமல் வேலைக்கு வராதபடியால், ஏழு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் நீர் பதவியை வெறிதாக்கியவராகக் கருதப்படுவீர்.' அந்த ஏழு நாளும் எப்போதோ கடந்துவிட்டது.

வயலில் நோய் வந்தால் மச்சான் வந்து தண்ணீர் கட்டுவார். வட்டை விதானைக்குச் சொல்லி அனுப்பினால் போதும். போடியாருக்குக் கடிதம் எழுதிய வழக்கம் எமக்கில்லை. ஆனால் சம்பள வேலையில் வாய்ச்சொல் நிற்பதில்லை, காகிதமே நிற்கிறது. இந்த மாற்றத்தை அறியாமலே எமது மக்களிற் பலர் வேலையை இழக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நோயுறுவது ஒழுக்கக் கேடு அல்ல. நோயினால் தற்காலிகமாக வேலைக்கு வராமல் இருப்பது வேலைநீக்கத்துக்கு ஏற்ற காரணமாகாது என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 1982ஆம் ஆண்டின் 158ஆம் இலக்கச் சமவாயம் கூறுகிறது. இலங்கை அதனை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் எமது நாட்டுச் சட்டங்களிலும் பாதுகாப்பு உண்டு.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், வருடாந்த லீவு 14 நாளைவிட, சொந்த அலுவல், சுகவீனம் போன்றவற்றுக்காகச் சம்பளத்துடன் 7 நாள் லீவு தருகிறது. முதலாம் வருடத்தில் இது இரண்டு மாதத்துக்கு ஒரு நாளாகும்.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாயின் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும். முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை, தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக நிறுத்துவதாயின், அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன் அனுமதியோ வேண்டும். தண்டனையாக நிறுத்தினால், இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தாய்மாருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. கர்ப்பத்தினாலோ பிரசவத்தினாலோ வந்த நோயை மட்டும் காரணமாக வைத்து ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதை 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது.

'பதவியை வெறிதாக்கல்' என்றால் என்ன?

வேலையைத் தானாகவே கைவிட்டுப் போதல் என்பதே இதன் பொருள். வராமல் இருந்தது மட்டும் இதற்குப் போதாது. வேலையைக் கைவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பதை எமது மேல் நீதிமன்றங்கள் தீர்ப்புகளில் எடுத்துக் காட்டியுள்ளன. வாட்டில் கிடந்தவருக்கு அந்த எண்ணம் ஏது? ஆனால் அறிவிக்காமலும், கேட்ட கடிதத்துக்குப் பதில் எழுதாமலும் இருந்தால், அந்த மௌனத்தையே எண்ணமாகக் காட்டி வாதாட இடமுண்டு. 'நாங்கள் நீக்கவில்லை, அவரே போய்விட்டார்' என்று முதலாளி சொன்னால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமையும் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

1. நோயுற்ற அன்றே அறிவியுங்கள். வீட்டார் தொலைபேசியில் சொன்னாலும், பின்னர் ஒரு செய்தியோ கடிதமோ அனுப்புங்கள். அனுப்பிய செய்தியை அழிக்க வேண்டாம்.

2. வைத்தியசாலையை விட்டு வரும்போது நோய் நிர்ணய அட்டையையும் மருத்துவச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பிரதி எடுத்த பின்னரே மூலத்தைக் கொடுங்கள். பொய்ச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். அது தண்டனைக்கு நியாயமான காரணமாகிவிடும்.

3. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் அன்றே காட்டுங்கள். குறித்த நாளுக்குள் பதிவுத் தபாலில் பதில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

4. சுகமானதும் வேலைக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால், 'இன்ன திகதி வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை' என்று அன்றே எழுதி அனுப்புங்கள்.

5. விளங்காத தாளிலும் வெற்றுத் தாளிலும் கையொப்பம் வைக்க வேண்டாம். அது விலகல் கடிதமாகிவிடலாம்.

6. விசாரணைக்கு அழைத்தால் தவறாமல் போங்கள்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபையில் மனுச் செய்யலாம். 1957ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் உருவான இச்சபை, நியாயமும் ஒப்புரவும் எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்கும். மீண்டும் வேலையோ நட்டஈடோ கிடைக்கலாம். நியமனக் கடிதம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வாய்ப்பேச்சில் சேர்ந்தவரும் சட்டத்தின் முன் தொழிலாளியே. வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தொழில் திணைக்களத்தில் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

அந்த வீட்டுக்காரருக்கு இன்னும் நான்கு மாத அவகாசம் இருந்தது. திண்ணையிலேயே அவர் சொல்லச் சொல்ல நடந்ததைத் திகதி வாரியாக எழுதினோம். மறுநாள் தொழில் அலுவலகத்துக்குக் கூடச் சென்றோம். நோய் நிர்ணய அட்டை அவர் கையில் இருந்தது பெரும் உதவியாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை.

காகிதத்தின் அருமை இடம்பெயர்ந்த எமக்குத் தெரியாததல்ல. பெர்மிட்டைத் தொலைத்தவர்கள் தமது சொந்தக் காணிக்கு எத்தனை கந்தோர் ஏறி இறங்கினார்கள் என்பதை நாம் கண்டோம். இனி அந்தப் பையில் காணிப் பெர்மிட்டோடு சம்பளச் சீட்டும், மருத்துவச் சான்றிதழும், தபால் பற்றுச்சீட்டும் சேர்ந்திருக்கட்டும். எழுத்து வாசனை உள்ள பிள்ளைகள் அயல் வீட்டுக் கடிதத்தையும் வாசித்துச் சொல்லட்டும். இன்று வந்த கடிதத்தை இன்றே பிரித்துப் பாருங்கள்.