ஒரு போர்வைக்கு இருபது கைகள்

அமெரிக்காவின் பல ஊர்களில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்போர் சங்கமாகக் கூடுவர். அங்கு வழக்கிலுள்ள முறைகளில் ஒன்று இது. ஒவ்வோர் அங்கத்தவரும் துணித்துண்டுகளை இணைத்து ஒரு சதுரக் கட்டத்தை வீட்டில் தைத்துக் கொண்டுவருவார். பின்பு பெயர்ச்சீட்டு எடுக்கப்படும். பெயர் வந்தவருக்கே கட்டங்கள் அனைத்தும் சேரும். இருபது கட்டங்களை, வரிசைக்கு 4 வீதம் 5 வரிசைகளாக இணைத்தால், ஏறத்தாழ 48 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள மேற்துணி கிடைக்கும். நடுவில் பஞ்சுப்படையும் அடியில் வேறொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் போர்வை தயார்.

துணி அவரவர் கையிலிருப்பதாக இருக்கலாம். அளவு மட்டும் எல்லோருக்கும் பொது. வழக்கமான கட்டம் 12½ அங்குலச் சதுரம். ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குள் போக, 12 அங்குலம் மிஞ்சும். ஒரு கட்டம் சிறுத்துவிட்டால் அந்த வரிசையே இழுபட்டுச் சுருங்கும். கவனக்குறைவு ஒருவருடையது, நட்டம் போர்வை பெறுபவருடையது. எனவே கட்டங்களை இணைக்குமுன் ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தல் அவசியம்.

நம் ஊர்ச் சீட்டைப் போன்றதே இதுவும். முதலில் பெற்றவர் தொடர்ந்து கொடுத்தால்தான் கடைசியில் நிற்பவருக்கும் போர்வை கிடைக்கும்.