விரலில் ஒரு காப்பு: இடைக்கால ஐரோப்பாவின் தாயத்து மோதிரங்கள்

இடைக்கால ஐரோப்பாவில் மோதிரம் அழகுக்கும் அந்தஸ்துக்கும் உரிய அணிகலனாக மட்டுமன்றி, நோயும் நஞ்சும் அணுகாமல் அணிந்தவரைக் காக்கும் தாயத்தாகவும் விளங்கியது. பதித்த கல்லின் இயல்பு, பொறித்த சொல்லின் வலிமை, சடங்கில் பெற்ற ஆசி ஆகிய மூன்றில் ஒன்றோ பலவோ அதற்குக் காக்கும் ஆற்றலை அளிப்பதாக மக்கள் நம்பினர்.

கற்களின் குணங்களைத் தொகுத்துரைக்கும் நூல்கள் அக்காலத்தில் பெருமதிப்புப் பெற்றிருந்தன. பிரான்சின் ரென் நகர ஆயராக விளங்கிய மார்போது இலத்தீன் செய்யுளில் இயற்றிய கல்நூல் அவற்றுள் புகழ்பெற்றது. நீலக்கல் முதலிய மணிகளோடு, முதிர்ந்த தேரையின் தலைக்குள் விளைவதாகக் கருதப்பட்ட பழுப்பு நிறத் தேரைக்கல்லும் நஞ்சு முறிப்பதற்காக மோதிரங்களில் இடம்பெற்றது. நஞ்சு அருகே வந்தால் அக்கல் சூடேறும் அல்லது நிறம் மாறும் என்ற நம்பிக்கையால், அது விரலின் தோலைத் தொடும்படி மோதிரத்தின் பின்புறத்தைத் திறந்தே விடும் வழக்கமும் இருந்தது. உண்மையில் அது தேரையின் தலையில் பிறந்ததன்று; டைனோசர்கள் வாழ்ந்த காலத்துக் கடல்மீனான லெபிடோட்டஸ், சிப்பிகளை நொறுக்கப் பயன்படுத்திய உருண்டைப் பல்லின் புதைபடிவமே அது.

சொல்லின் வலிமையை நம்பிச் செய்யப்பட்டவற்றுள், 1802இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுப் பொன்மோதிரம் சிறப்பானது. அதன் வெளிப்புறத்தில் கிறிஸ்துவின் உருவமும் ஐந்து திருக்காயங்களும் செதுக்கப்பட்டு, ஒவ்வொரு காயமும் இரக்கம், ஆறுதல், நிலைவாழ்வு முதலியவற்றின் ஊற்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. விரலோடு ஒட்டியிருக்கும் உட்புறத்திலோ, அக்காயங்களே தனக்கு மருந்து என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரும், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் பெயர்களும், வலிப்பு நோயைத் தடுக்கும் எனக் கருதப்பட்ட 'அனனிசாப்தா' என்ற மந்திரச் சொல்லும், கடவுளின் நான்கெழுத்துத் திருப்பெயரைக் குறிக்கும் 'டெட்ராகிராமாட்டன்' என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆசியால் ஆற்றல் பெற்றவை 'வலிப்பு மோதிரங்கள்'. புனித வெள்ளியன்று இங்கிலாந்து அரசர் பீடத்தில் காணிக்கையாக வைத்த பொன், வெள்ளி நாணயங்களை ஈடு கொடுத்து மீட்டு, அவற்றை உருக்கி மோதிரங்களாக்கி நோயாளிகளுக்கு வழங்கினர். பிற்காலத்தில் முன்பே செய்துவைத்த மோதிரங்களை அரசரே கைகளால் தொட்டு ஆசியளித்தார். 14ஆம் நூற்றாண்டில் இரண்டாம் எட்வர்டு காலத்திலேயே காணப்படும் இச்சடங்கு, 1558இல் அரசி முதலாம் மேரி இறந்தபின் நின்றுபோனது.

மூன்று அரசர்களின் பெயர்கள், 'அனனிசாப்தா', அரசரின் ஆசி ஆகிய மூன்றும் வலிப்பு நோய்க்கே மருந்தாக நாடப்பட்டமை கருதத்தக்கது. அந்நோயின் காரணத்தை அறியவோ அதைத் தணிக்கவோ மருத்துவத்தால் இயலாதிருந்த காலத்தில், கல்லையும் சொல்லையும் செபத்தையும் வெவ்வேறாகப் பிரித்துப் பாராமல், நலம் தரக்கூடிய அனைத்தையும் மக்கள் ஒருங்கே நாடினர். அவர்கள் எதற்கு அஞ்சினர், எதை நம்பினர் என்பதை இம்மோதிரங்களைப் போல் நேரடியாக உணர்த்தும் சான்றுகள் அரியவை.